பறவையின் காலில் ஒரு வளையம்



குளிர்காலத்தில் ஐரோப்பாவில் தகைவிலான் குருவிகள் காணாமற்போவதைக் கண்டு, அவற்றில் சில பொந்துகளுக்குள் இறகுதிர்ந்து கிடப்பதாக அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். பெரியவர் சொன்னது தப்பாகுமா? குளத்துச் சேற்றுக்குள் தூங்குவதாகப் படித்தவர்களே 18-வது நூற்றாண்டிலும் நம்பினார்கள்.

1822-ல் ஜெர்மனியில் கிளூட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நாரையைச் சுட்டார்கள். அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டியொன்று ஊடுருவி நின்றது! குத்திய ஈட்டியோடு கடல் தாண்டி வந்த அந்த நாரைக்கு எந்தப் பண்டிதர் பதில் சொல்வது? ரோஸ்டாக் சர்வகலாசாலையில் அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பறவையும் ஈட்டியோடு வராதல்லவா? டென்மார்க்கில் விபோர்க் நகரத்துப் பள்ளி உபாத்தியாயர் மார்ட்டென்சன் என்பவர் முதலில் துத்தநாக வளையம் செய்து பார்த்தார், கனத்துவிட்டது. 1899-ல் மைனா இனத்துக் குருவிகள் 165-ஐப் பிடித்து, எண்ணும் விலாசமும் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். எங்கேனும் ஒருவன் அதைக் கண்டு கடிதம் போட்டால், எங்கிருந்து எங்கே என்பது அத்தாட்சியோடு தெரிந்துவிடும். ஒரே இனத்தில் சில வலசை போவதும் சில தங்கிவிடுவதுமான பாகுபாடுகூட இப்படித்தான் ருஜுவாயிற்று.

நம் திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் இரண்டும் தினந்தோறும் காசியிலிருந்து இராமேஸ்வரம் போகிற வழியில் சோறு தின்ன இறங்குவதாகச் சொல்லிவந்தார்களே, ஒரு வளையம் மாட்டிக் காசியில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் போதாதா என்று நாம் கேட்டால் கோபம் வருகிறது. அர்ச்சகர் கைச்சோற்றுக்கு வந்த பறவையைப் பிடிப்பதொன்றும் கஷ்டமல்ல. இப்போது அவையும் வருவதில்லை.