எதிர்பாராத ஆபத்து வந்தாலும் தொழில் நிற்காமல் இருக்க...
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. சந்தை, பஸ் எல்லாம் நின்னு போச்சு. இரண்டுமே நம்மளைக் கேட்டுக்கிட்டு வரலை.

மசாலாப் பொடி அரைக்கும் குழுவை எடுத்துக்கொள்வோம். மிளகாய், மல்லி மூட்டை தரையில் கிடந்தால் ஒரு ராத்திரி மழையில் முதல் போய்விடும். ஆனால் கடன் தவணை நிற்காது. மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள். பாஸ்புக், தீர்மான நோட்டு, கடன் பத்திரம் இவற்றின் நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டு இன்னொரு உறுப்பினர் வீட்டிலும் வையுங்கள்.

மெஷின் ஓட்ட ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால், அவருக்குக் காய்ச்சல் வந்தாலே தொழிலும் படுத்துவிடும். மூன்று பேராவது பழகணும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கு என்று எல்லோருக்கும் தெரியணும். முந்தானையைச் செருகி, முடியைக் கட்டின பிறகுதான் பெல்ட் பக்கம் போகணும்.

பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். மே மாதக் கடைசியில் பேங்க் கணக்கில் அந்தப் பணம் இருக்கணும், மறந்துடாதீங்க.

லாபத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாய் ஆபத்து நிதியாகத் தனியே சேருங்கள். அதை உள்கடனுக்குத் தொடக்கூடாது.

கரண்டை நிறுத்துவது யார், சரக்கைத் தூக்குவது யார், கடைக்காரருக்குப் போன் செய்வது யார் என்று பேர் போட்டு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள்.