கோடை மழைக்குப் பூக்கும் கிழங்குகள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

சித்திரை வெயிலில் கொல்லை காய்ந்து கிடக்கும். நல்ல கோடை மழை ஒன்று பெய்யும். சில நாளில், வெறும் மண்ணிலிருந்து பூ எழுந்து நிற்கும். விதை போட்டது யார்? யாரும் போடவில்லை. மண்ணுக்குள்ளே கிழங்கு காத்திருந்தது. இந்தக் கிழங்குப் பூக்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

வீட்டுத் தோட்டத்துக்கு மூன்றைச் சொல்கிறேன். முதலாவது மழை லில்லி. ரோஜா நிறத்திலும் வெள்ளையிலும் கிடைக்கும். ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். ஆனால் மழைக்கு மழை புதிதாகப் பூக்கும். இரண்டாவது ஃபுட்பால் லில்லி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தை ஒட்டி, சின்னச் சின்னப் பூக்கள் சேர்ந்து சிவப்புப் பந்துபோல நிற்கும். மூன்றாவது, தலைக்கும் சாமிக்கும் ஆகிற நம்ம சம்பங்கி. இதன் தாயகம் மெக்ஸிகோ. இது கோடை மழைக்குக் காத்திருக்காது. தண்ணீர் கொடுத்தால் நட்ட மூன்றாம் மாதத்திலிருந்து பூ எடுக்கலாம்.

மூன்றுக்கும் தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். தேங்கினால் கிழங்கு அழுகிப் போகும். களிமண்ணாக இருந்தால் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து, பாத்தியைக் கொஞ்சம் மேடாக்குங்கள். சம்பங்கிக்கு 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பொறுக்கி, ஆனி, ஆடியில் நடலாம். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் விடுங்கள். ஆழம் ஓர் அங்குலம் போதும். புதிதாகத் தோண்டிய கிழங்கை உடனே நடாமல், ஒரு மாதம் நிழலில் ஆறப்போட்டு நடுவது நல்லது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டு ஃபுட்பால் லில்லி ஒரு வருஷம் பூத்து முடிந்ததும், அகல அகலமாக இலை விட்டது. ‘பூதான் முடிந்துவிட்டதே, இது எதற்கு அடைசலாக?’ என்று இலையை அடியோடு அறுத்துவிட்டேன். அடுத்த வருஷம் ஒரு பூ இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. தப்பு என்னுடையது. இலைதான் வெயிலை வாங்கிச் சாப்பாடு தயாரித்துக் கிழங்கில் சேர்க்கிறது. குதிரில் நெல் கொட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுகிறவன் கையை வெட்டிவிட்டால் குதிர் எப்படி நிரம்பும்? ஆகவே காய்ந்த பூத்தண்டை மட்டும் நறுக்குங்கள். இலை தானாகப் பழுத்துச் சாய்கிற வரை தொடாதீர்கள். இலை சாய்ந்த பிறகு தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். அது செத்துப்போகவில்லை, தூங்குகிறது. அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். இல்லாவிட்டால் மறந்துபோய் மண்வெட்டியைப் போட்டுவிடுவோம்.

தாய்மார்களே, இன்னொன்றையும் கேளுங்கள். மழை லில்லிக் கிழங்கு பார்வைக்குச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். அது விஷம். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஒருமுறை நான் தோண்டிய கிழங்கை முறத்தில் போட்டு அடுப்படி ஓரம் வைத்துவிட்டேன். வெங்காய வாசனை வரவில்லையே என்று வீட்டில் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். ஃபுட்பால் லில்லியும் விஷமே. வேலியில் படரும் செங்காந்தள் கிழங்கோ உயிருக்கே உலை வைக்கும். ஆகவே எந்தப் பூங்கிழங்கையும் அடுப்படிக்குள் கொண்டுவராதீர்கள். குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல், மிச்சக் கிழங்கையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூ பூக்கிற பத்து நாளைப் பார்த்து மகிழ்கிறோம். இலை இருக்கிற மாதங்களையும் பொறுத்துக்கொண்டால், வருஷா வருஷம் அந்தப் பத்து நாள் நம் வாசலுக்கு வரும். பக்கக் கிழங்கு பெருகினால் அண்டை வீட்டுக்கும் நாலு கொடுங்கள். கொடுக்கும்போது, ‘இது வெங்காயமல்ல’ என்று சொல்லியும் கொடுங்கள்.