முறிக்கத் தெரிந்த கை



1877-ஆம் ஆண்டு. டோக்கியோவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த ஒல்லியான மாணவர் ஒருவர் எலும்பு வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைத் தேடி அலைந்தார். அவருக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. பள்ளி நாட்களில் வலுத்த பையன்களிடம் அடிபட்டு நொந்தவர். ஜுஜுட்சு என்னும் போர்க்கலையைப் படித்துவிட வேண்டும் என்ற ஆசை. சாமுராய்களின் காலம் முடிந்துவிட்டது. 1876-இல் இடுப்பில் வாள் செருகவும் தடை வந்துவிட்டது. பழைய கலையைச் சீந்துவாரில்லை; ஆசான்களில் பலர் எலும்பு கட்டிப் பிழைத்தார்கள். வைத்தியரைக் கண்டால் ஆசானைக் கண்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. ஒரு வைத்தியர் வழிகாட்ட, ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானிடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஆசானும் எலும்பு வைத்தியர்தான். மாணவர் பெயர் கானோ ஜிகோரோ. ஐந்தாண்டு கழித்து, 1882-இல், ஒரு கோயிலில் 12 பாய் விரித்த அறையில் அவர் தொடங்கியதே ஜூடோ.

இதைப் படித்த அன்று எனக்குக் குமரி மாவட்டத்து விளவங்கோடும் கல்குளமும்தான் கண்முன் வந்தன. நம் பக்கத்தில் களரி எங்கே என்று கேட்டால் வர்ம வைத்தியசாலையைக் காட்டுவார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். கொல்லாமாவிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசான் வீட்டுத் திண்ணைக்கு ஓடினார். ஆசான் என் கையை மடியில் வைத்து விரல் நுனியால் தடவிக்கொண்டே, “மக்களே, அம்மன்கொடைக்கு என்ன பாயாசம் வச்சாவ?” என்று கேட்டார். சிறுபயறா, அரிசியா என்று நான் யோசித்த நேரத்தில் ‘சடக்’கென்றது. அழக்கூட அவகாசமில்லை. எண்ணெய் இட்டு, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். அன்று அந்தியில் ஆசானின் அதே கை முற்றத்தில் இளைஞர்களுக்கு நெடுவடி என்ற நீண்ட கம்பை வீசக் காட்டியது. கட்டுப்போட்ட கையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடிமுறை, வர்ம அடி, தெக்கன் களரி என்று பல பெயர்களில் அறியப்படும் கலை இது. சுவடு, பூட்டு, குறுவடி, நெடுவடி என்று பாடம் ஏறும். கடைசியில்தான் வர்மம், உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய பாடம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் திலர்தம். அடியின் வலுவை அரை மாத்திரை, முக்கால் மாத்திரை என்று அளந்து சொல்வார்கள். அடிபட்டவனை எத்தனை நாழிகைக்குள் இளக்கி மீட்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. இளக்குமுறை அறியாதவன் கையில் வர்ம அடியைக் கொடுப்பது பாவம் என்பதே ஆசான்மார் வழக்கு. ஜப்பானிலும் அப்படியே: உயிர்நிலைகளில் அடிக்கக் கற்பித்தவர்களே, மயங்கி விழுந்தவனை எழுப்பும் ‘கப்போ’வையும் கற்பித்தார்கள்.

நம் மேடைகளில் வேறொரு இணைப்பைத்தான் ஓயாமல் பேசுகிறோம். பௌத்தத் துறவி போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய்ச் சீனத்துக்குப் போர்க்கலை கொடுத்தார், அங்கிருந்து அது ஜப்பானுக்குப் போனது என்று. 2011-இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு குழந்தைகளும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் சீனத்து ஷாவ்லின் மடத்தின் கலையோடு அவரைச் சேர்க்கும் கதைக்கு மூலமான நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலமோ அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. முற்றத்தில் இருக்கும் ஆசானை விட்டுவிட்டு இந்தக் கதையைக் கட்டிக்கொண்டு அழுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முற்றத்து ஆசானின் வரலாறு எளிதானதல்ல.   வர்ம ஆசான்மாரில் மிகுதியானவர்கள் நாடார் சமூகத்தார். தங்கள் பெண்கள் தோளில் சீலை போடும் உரிமைக்காக அந்தச் சமூகம் 1822 முதல் போராடி, 1859 ஜூலை 26 திருவிதாங்கூர் அரச அறிவிப்புக்குப் பிறகே ஓரளவு மூச்சுவிட்டது. தோளை மூடவே அனுமதிக்காத அரசு, அந்தத் தோளில் சுழலும் கம்பை எப்படிப் பார்த்திருக்கும்? ஆசான்மார் ஏடுகளை மறைத்ததையும், சீடனைப் பன்னிரண்டு ஆண்டு சோதித்ததையும் கஞ்சத்தனம் என்று ஏசுகிறோம். ஒடுக்கப்பட்டவர்கள் கைமுதலைக் காத்துக்கொண்ட வழி அது என்றே நான் நினைக்கிறேன். அகத்தியர் பேரால் தமிழ்ப் பாட்டாக வந்த அந்த வர்ம நூல்கள் பல அப்படித்தான் மிஞ்சின.

ஜப்பானிய ஆசான்களுக்கும் மேஜி ஆட்சியில் வயிற்றுப்பாடு வந்தது. மேலைநாட்டு மருத்துவத்தை அரசு தழுவிக்கொண்டதும், எலும்பு கட்டும் உரிமையே அவர்கள் கையைவிட்டுப் போகும் நிலை. அவர்கள் சங்கம் சேர்ந்து மனுமேல் மனுப் போட்டார்கள். 1920-இல் ஜுஜுட்சு வழி வந்த எலும்பு வைத்தியத்தை அரசு சட்டப்படி ஏற்றது, தேர்வெழுதினால் உரிமம். 1970-இல் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இன்றும் ஜப்பானில் அந்தத் தொழிலின் பெயரிலேயே ‘ஜூடோ’ என்ற சொல் இருக்கிறது.

அதே 1970-இல் இங்கேயும் ஒரு சட்டம் வந்தது: இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம். சித்த மருத்துவத்துக்குக் கல்லூரியும் பட்டமும் மதிப்பும் வந்தன, நன்மைதான். முன்சிறையில் இன்று சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாடத்தில் வர்மமும் உண்டு. ஆனால் பட்டமில்லாமல் பாட்டனிடம் படித்த ஆசான், தன் வைத்தியசாலைப் பலகையில் என்ன எழுதலாம் என்று பயந்து பயந்து எழுதினார். கம்பையும் எண்ணெயையும் ஒரே கையில் ஏந்தியவருக்கு அந்தச் சட்டத்தில் பெயரில்லை. களரி விளையாட்டாக ஒரு பக்கம் போனது, வர்மம் மருத்துவமாக மறு பக்கம் போனது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வரும் பையன்கள் அருகிவிட்டார்கள். என் ஆசானின் இரு மகன்களும் வளைகுடாவில் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் மாலையில் கராத்தே வகுப்பு நடக்கிறது. வெள்ளை உடுப்பும் வண்ணப் பட்டையுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான். சென்ற ஆண்டு உதைக்கப் பாய்ந்த ஒரு பையன் கணுக்கால் புரண்டு விழுந்தான். மாஸ்டர் அவனைப் பைக்கில் உட்காரவைத்து நேரே ஆசான் வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் அங்கே இருந்தேன். எண்பது தாண்டிய ஆசான் காலைத் தொடுமுன் பையனை ஏறிட்டுப் பார்த்து, “எப்பிடி விழுந்தே மக்களே, எழும்பிக் காட்ட முடியுமா?” என்றார். பையன் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று உதையைக் காட்டினான். ஆசான் தலையாட்டினார். “ஊன்றுன கால் திரும்பல்ல. அதான்” என்று மாஸ்டரிடம் சொன்னார். பிறகு பையனின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் என்ன சோறு என்று கேட்கத் தொடங்கினார்.