மண்ணில் புதைத்தது கிணற்றில் வரும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்தியாவெங்கும் சென்று பூமியைத் துளைக்கும் ரிக் வண்டிகள் நம் திருச்செங்கோட்டிலிருந்தே புறப்படுகின்றன. ஆயினும், ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத இடங்கள் நம் மண்ணில் உண்டு. நீர் குறைவதைக் கண்டு கலங்கும் நாம், இருக்கும் நீர் கெடுவதைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. கெட்ட நிலத்தடி நீரை மீட்பது எத்துணைக் கடினம் என்பதற்குப் போபால் நகரம் சான்றாக நிற்கிறது.

போபால் என்றதும் 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் கசிந்த நச்சுவாயுவே நம் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்தது ஒரு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை. யூனியன் கார்பைடு நிறுவனத்தின் செவின் தூளும் செவிடால் குருணையும் நம் மூத்த விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர்கள். செவினின் மூலப்பொருளான கார்பரில் 2018ஆம் ஆண்டு இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

வாயு ஒரே இரவில் ஊரைத் தாக்கியது. நிலத்தடி நீருக்கு நேர்ந்த கேடோ அதற்கு முன்பே தொடங்கி, ஓசையின்றி வளர்ந்தது. தொழிற்சாலைக் கழிவுகள் வளாகத்திலேயே பல இடங்களில் கொட்டப்பட்டன. 1977இல் வளாகத்திற்கு வெளியே, கழிவு நீரை வெயிலில் ஆவியாக்கும் குளங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் கசிவு ஏற்பட்ட செய்தி 1982லேயே நிறுவனத்தாருக்குத் தெரிந்திருந்தது. 1984க்குப் பின் ஆலை மூடப்பட்டது. கழிவுகள் அங்கேயே கிடந்தன. ஒவ்வொரு மழைக்காலமும் நஞ்சைச் சிறிது சிறிதாக மண்ணுக்குள் இறக்கியது. சுற்றுப்புறக் குடியிருப்புகளின் ஏழை மக்கள் அடிகுழாய்களில் அந்நீரையே அடித்துக் குடித்தனர்.

1990களில் வந்த சில ஆய்வுகள் நிலத்தடி நீர் கெடவில்லை என்றன. 1999இல் கிரீன்பீஸ் அமைப்பு நடத்திய ஆய்வோ மண்ணில் பாதரசத்தையும், கிணற்று நீரில் குளோரின் கலந்த கரிம நச்சுகளையும் கண்டறிந்தது. அம்மக்களுக்கு நல்ல குடிநீர் வழங்குமாறு 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பொருளைத் தேடி மாதிரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

முறையான ஆய்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கழிவு எங்கெல்லாம் கொட்டப்பட்டது என்பதைப் பழைய ஆவணங்களாலும் பழைய தொழிலாளர்களின் நினைவாலும் முதலில் அறிய வேண்டும். பின்னர் மண்ணைப் பல ஆழங்களில் எடுத்துச் சோதிக்க வேண்டும். கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, நீர்மட்டத்தை அளந்து, நீர் எத்திசையில் நகர்கிறது என்று கணிக்க வேண்டும். இவை முடிந்த பின்னரே, நஞ்சின் ஊற்றுக்கண்ணை அகற்றுவதும், கெட்ட நீரை இறைத்துச் சுத்திகரிப்பதும் பயன் தரும். அப்பணியும் பல்லாண்டுகள் நீடிக்கும்.

போபாலில் நடந்தது என்ன? 2004இல் தொடரப்பட்ட வழக்கில், 2024 டிசம்பரில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்தது. 2025 ஜனவரியில் சுமார் 337 டன் கழிவு 12 கொள்கலன்களில் பீதாம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் எரிக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் தங்கள் நீரும் கெடுமே என்று அஞ்சிப் போராடியதும் நியாயமே. ஆனால், நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் மதிப்பிட்ட நச்சு மண்ணின் அளவு சுமார் 11 இலட்சம் டன். எரிக்கப்பட்டதோ அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு! மூட்டை கட்டி வைத்திருந்த கழிவு போயிற்று. மண்ணில் இறங்கிய நஞ்சு போகவில்லை.

அன்பர்களே! நம் ஊரில் அத்தகைய ஆலை இல்லையே என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. நம் பகுதியில் மேல்மண்ணின் கீழே இருப்பது கடும்பாறை. நீர் அதன் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. மேலே கொட்டிய நஞ்சு அவ்வெடிப்பில் இறங்கினால், எந்தத் தோட்டத்துக் கிணற்றில் தலைகாட்டும் என்று கணிப்பது எளிதன்று. வற்றிய கிணற்றைக் குப்பைக் குழியாக்குவதும், மூடாத ஆழ்துளைக் குழியருகே மருந்துத் தெளிப்பானைக் கழுவுவதும் நஞ்சுக்கு நாமே வழி திறந்து விடுவதாகும். உரம், கோழி எரு, கழிவறைத் தொட்டி ஆகியவற்றால் நைட்ரேட்டும் நீரில் சேர்கிறது. அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியக் குடிநீர்த் தர விதி. கைக்குழந்தைகளுக்கு இது பெருந்தீங்கு, காய்ச்சினாலும் நீங்காது.

ஆகவே, நமது பள்ளிவாசல் கிணற்றையும் மஹல்லாவின் பொதுக் கிணறுகளையும் ஆண்டுதோறும் சோதிக்க நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களை இதற்கு அணுகலாம். சாதாரணச் சோதனையில் உப்பும் நைட்ரேட்டும் புளோரைடும் தெரியும், பூச்சிமருந்து தெரியாது. ஐயமுள்ள இடத்தில் அதனைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். முடிவுகளை அறிவிப்புப் பலகையில் இடுவதோடு, ஏட்டில் பதிந்தும் வைப்போம். ஒரு கிணற்றின் பத்தாண்டுக் கணக்கு கையில் இருந்தால், நீர் கெடத் தொடங்கும்போதே நாம் விழித்துக்கொள்ளலாம். போபாலின் ஏழைகளிடம் அப்படியொரு கணக்கு இருந்ததில்லை.

நாம் ஒளு செய்யும் நீரும் நம் பிள்ளைகள் பருகும் நீரும் ஒரே பாறையின் ஊற்றுதான். அதனைக் கெடாமல் காப்பது மீட்பதைவிட எளிது. இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டே தொடங்குவோம்.