முதலில் சன்ஷேட், அப்புறம் பெயின்ட்

(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் முன்னாள் செயலாளர் பேசியது)



கலரைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அதை வாட்ஸ்அப் குழுவில் வேண்டிய மட்டும் பேசிவிட்டோம்.

போன மாதம் பி பிளாக் இரண்டாவது மாடி சன்ஷேடிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு விழுந்தது. பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் இல்லை. அந்த சன்ஷேடில் 2014-லேயே விரிசல் இருந்தது. அப்போது நான்தான் செயலாளர். பணம் போதவில்லை என்று, பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னேன். கட்டடம் பளிச்சென்று இருந்தது. நீங்கள் எல்லோரும் பாராட்டினீர்கள்.

விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. திருவான்மியூரில் கடற்காற்று வேறு. உப்பு அதை இன்னும் வேகப்படுத்தும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். பெயின்ட் இதை மறைக்கும், நிறுத்தாது.

இப்போது மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. குறைந்த தொகை சொன்னவர் சுவரைக் கழுவி, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயின்ட் என்று சதுர அடிக் கணக்கில் போட்டிருக்கிறார். ரிப்பேர் என்ற வார்த்தையே அதில் இல்லை. சாரம் கட்டியதும் சுவரையும் சன்ஷேடையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அந்த இடத்தைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிலும் துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் மூட வேண்டும். கம்பி ரொம்பத் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி கட்ட வேண்டும். குழாய் ஓரத்து அரசங்கன்றை வருஷா வருஷம் வெட்டுகிறோம். வேர் அப்படியே இருக்கிறது. அதையும் எடுக்க வேண்டும்.

தீபாவளிக்குள் பெயின்ட் முடியட்டும் என்கிறீர்கள். எனக்கும் ஆசைதான், பேரன் வருகிறான். ஆனால் புதுப் பூச்சு நான்கு வாரமாவது காய வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஈரச் சுவரில் அடித்தால் கொப்புளம் கட்டி உரியும். ஆகவே ரிப்பேர் இப்போதே, பெயின்ட் பொங்கலுக்குப் பிறகு.

இதற்குக் கூடுதல் பணம் வேண்டும். பென்ஷனில் இருப்பவர்கள் தவணையாகக் கொடுக்கலாம் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. இன்னொன்று: பாத்ரூம் கசிவு உள்ள வீட்டுக்காரர்கள் தயவுசெய்து பிளம்பரை உள்ளே விடுங்கள். உள்ளிருந்து தண்ணீர் வந்தால் வெளியே எந்தப் பெயின்ட்டும் நிற்காது.

பி பிளாக் கீழே கயிறு கட்டியிருக்கிறோம். அதை அவிழ்த்துவிட்டு ஸ்கூட்டர் நிறுத்தாதீர்கள். நேற்றும் இரண்டு நின்றன.