வாயில் திரையும் அச்சோவியமும்



ஜப்பானியக் கடைவாயிலில் தொங்கும் துணித்திரைக்கு நோரென் என்று பெயர். மேலே ஒரு கழியில் கோக்கப்பட்டு, கீழ்நோக்கிச் செங்குத்தாகப் பிளவுபட்டிருக்கும். கதவைப் போல் அது தடுப்பதில்லை. ஆயினும் உள்ளிருப்பதை முழுதும் காட்டுவதுமில்லை. நுழைவோர் தலையைச் சற்றே தாழ்த்தி, கையால் விலக்கிச் செல்லுதல் வேண்டும். காலையில் அதைத் தொங்கவிட்டால் கடை திறந்தது என்றும், உள்ளே எடுத்துவிட்டால் அன்றைய வணிகம் முடிந்தது என்றும் பொருள்.

எதோ காலத்தில் (1603–1868) இத்திரையில் வணிகக் குடும்பத்தின் முத்திரை பொறிக்கப்பட்டது. அரிசிப் பசையால் முத்திரையை எழுதி, துணியை அவுரிச் சாயத்தில் தோய்த்து, பின்னர்ப் பசையைக் கழுவிவிட, நீலத்தின் நடுவே முத்திரை வெண்மையாய்த் தோன்றும். இளமையிலேயே பணிக்குச் சேர்ந்து பல்லாண்டு உழைத்தவனுக்கு, அதே பெயரில் தனிக்கடை வைக்க முதலாளி இசைவளிப்பதுண்டு. இதனை 'நோரென் வாகே', அதாவது திரையைப் பங்கிடுதல் என்பர். ஒரு குடும்பம் தலைமுறைகளாய்ச் சேர்த்த நம்பிக்கையில் அவனுக்குக் கிடைத்த பங்கு அது. இன்றும் ஜப்பானியக் கணக்கியலில் 'நற்பெயர்' என்னும் சொத்தினத்திற்கு நோரென் என்பதே பெயர்.

இக்காலத்தில் விற்கப்படும் நோரென்கள் பலவற்றில், முத்திரை இருந்த இடத்தில் ஹொக்குசாயின் பேரலை எழுந்து நிற்கிறது. உயர்ந்த ஓவியத்தைத் திரைச்சீலை ஆக்குவதா என முகம் சுளிப்போர் உளர். அவர்கள் கூற்று பொருந்தாது. உகியோ-ஏ எனப்படும் அச்சோவியம் பிறந்ததே கடைச்சரக்காகத்தான். பதிப்பாளர் முதலிட, ஓவியர் வரைய, செதுக்குவோர் செர்ரி மரப்பலகையில் வெட்ட, அச்சிடுவோர் வண்ணத்திற்கொரு பலகையாகத் தாளில் ஒற்றி எடுப்பர். நடிகர், மல்லர், அழகியர் உருவங்களை நகரத்து எளிய மக்கள் வாங்கி மகிழ்ந்தனர். 1831 அளவில் வெளிவந்த அந்தப் பேரலையும் ஏறத்தாழ 25க்கு 37 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு தாளே. 2024இல் அது ஆயிரம் யென் நாணயத்தாளிலும் இடம்பெற்றது.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. முத்திரைத் திரைக்குப் பின்னால் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். சரக்கு கெட்டால் அந்தத் திரைக்கு இழுக்கு. பேரலையோ எவருக்கும் பிணை நிற்பதில்லை. உணவுக்கடையிலும் தொங்கும், குளியலறை வாயிலிலும் தொங்கும். முழுத்தாளுக்கென அமைத்த காட்சியைத் திரையின் பிளவு இரண்டாக்குவது சிறு குறையே. காற்றில் அசையும்போது அதுவும் ஓர் அழகுதான்.

ஹிரோஷிகே 1856 முதல் வெளியிட்ட 'எதோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் சுருகா-சோ தெருவின் படம் ஒன்று உண்டு. இருமருங்கிலும் எச்சிகோயா துணிக்கடை. தெருவின் முடிவில், மேகத்திற்கு மேலே ஃபூஜி மலை. 1673இல் மிட்சுயி குடும்பத்தார் தொடங்கிய அக்கடை, பேரமின்றி, ஒரே விலைக்கு, ரொக்கத்திற்கு விற்றுப் பெயர்பெற்றது. பிற்காலத்தில் மிட்சுகோஷி அங்காடியாக வளர்ந்தது. படத்தில் கடைமுன் தொங்கும் திரைகளில் அக்குடும்பத்தின் முத்திரை தெளிவாகத் தெரிகிறது. அப்படத்தையே அச்சிட்ட நோரென் ஒன்றை இன்று ஒருவர் வாங்கித் தம் அடுக்களை வாயிலில் மாட்டுவாரானால், மலையைக் காண்பார், முத்திரையையும் காண்பார். அது யாருடையது என்று அவர் கேட்கப்போவதில்லை.