பார்வையாளர் மாடத்தில் நாம்: பண்டைய ரோமும் சின்னத்திரையும்



பண்டைய ரோமைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களில் ரத்தம் மிகுதி என்ற புகாரில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, பிடிபட்ட அடிமைகள் 6,000 பேரைக் காப்புவா முதல் ரோம் வரை சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதிவைத்திருக்கிறார். இதை மறைத்து, பளிங்குத் தூண்களையும் வெள்ளை அங்கிகளையும் மட்டும் காட்டினால் அதுதான் பொய். என் கேள்வி வேறு. கொலை நடக்கும்போது தொடர் நம்மை எங்கே உட்காரவைக்கிறது? சாகிறவன் பக்கத்திலா, ஆரவாரம் செய்யும் கூட்டத்திலா?

2005 முதல் 2007 வரை 22 அத்தியாயங்களாக வந்த ‘ரோம்’ தொடரையே எடுத்துக்கொள்வோம். எச்.பி.ஓ.வும் பி.பி.சி.யும் சேர்ந்து, ரோம் நகரத்துச் சினெசிட்டா வளாகத்தில் தெருக்களையே எழுப்பி எடுத்த தொடர். அதன் நாயகர்களான வொரீனஸும் புல்லோவும், கால் நாட்டுப் போரைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதிய நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் வீரர்கள்.

புல்லோ ஐரீன் என்ற அடிமைப் பெண்ணை விரும்புகிறான். அவளுக்கு விடுதலையும் தருகிறான். அவளுடைய மனமோ வொரீனஸ் வீட்டு அடிமை இளைஞன் ஒருவனிடம் இருக்கிறது. அது தெரிந்ததும் புல்லோ அவன் தலையைத் தூணில் மோதி மோதிக் கொன்றுவிடுகிறான். அடுத்த அத்தியாயத்தில், கூலிக்குக் கொலை செய்து பிடிபட்ட புல்லோ, மரண தண்டனைக் கைதியாக வாட்போர்க் களத்தில் நிற்கிறான். சண்டையிட மறுக்கிறான். எதிராளிகள் தன் பதின்மூன்றாம் படைப்பிரிவை இழித்துப் பேசியதும் எழுந்து, எதிர்ப்பட்டவர்களை வெட்டிச் சாய்க்கிறான். ஓய்ந்து விழும் வேளையில் வொரீனஸ் களத்துக்குள் பாய்ந்து அவனைக் காப்பாற்றுகிறான். மயிர்க்கூச்செறிய வைக்கும் காட்சிதான். பார்ப்பவர்கள் எல்லோருமே புல்லோ பிழைக்க வேண்டும் என்று தவிப்பார்கள். ஆனால் அந்த அடிமை இளைஞன்? அவனைப் பற்றி நமக்கு நினைவே இருப்பதில்லை. இரண்டாம் சீசனில் ஐரீன் புல்லோவையே மணந்துகொள்கிறாள். ரோமானியச் சட்டம் அடிமையை உடைமையாகத்தான் கருதியது. தொடரும் அந்த இளைஞனுக்கு அதற்கு மேல் மதிப்புத் தரவில்லை.

ரோமானியரின் ஒழுக்கத்தை அவர்கள் கண்வழியே காட்டுகிறோம் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எந்த ரோமானியரின் கண்? முதல் நூற்றாண்டில் தத்துவஞானி செனெகா, கவசமில்லாத கைதிகளை ஒருவரையொருவர் கொல்லவைத்த நண்பகல் காட்சியைப் பார்த்துத் திரும்பியபோது, போனதைவிடக் கொடியவனாகவே வீடு வந்ததாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் தம் நண்பர் அலிப்பியஸைப் பற்றிச் சொல்கிறார்: தோழர்கள் இழுத்துப்போன வாட்போர் அரங்கில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவர், கூட்டத்தின் ஒரு கூச்சலில் கண் திறந்தார், பிறகு நெடுநாள் அந்த வெறியிலிருந்து மீள முடியவில்லை. இருவருமே களத்தை விட்டுவிட்டு மாடத்தைப் பார்த்தவர்கள்.

சாகிறவன் பக்கத்தில் நம்மை உட்காரவைத்த தொடரும் உண்டு. 1976இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘ஐ, கிளாடியஸ்’ தொடரில் அகஸ்டஸ் சாகும் காட்சியைப் பாருங்கள். அவர் விரும்பிப் பறித்துண்ணும் அத்திப்பழங்களில் மனைவி லிவியா நஞ்சு தடவியிருக்கிறாள். (வரலாற்றில் இது வதந்திதான், வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோவும் அப்படியே குறிக்கிறார்.) கேமரா, அகஸ்டஸாக நடித்துப் படுக்கையில் கிடக்கும் பிரையன் பிளெஸ்டின் முகத்தைவிட்டு நகர்வதே இல்லை. லிவியாவின் குரல் மட்டும் பேசிக்கொண்டே போகிறது. உயிர் எந்த நொடியில் பிரிந்தது என்று நம்மால் சொல்ல முடியாது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. கொலையின் கனம் முழுவதும் நம்மேல் இறங்குகிறது.

ஆனால் சாவது சக்கரவர்த்தி. அடிமைகளை நடுவில் நிறுத்தி, அவர்களுக்குப் பெயரும் காதலும் கோபமும் தந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ தொடரோ (2010–2013), அவர்கள் வெட்டுப்படும்போது தெறிக்கும் ரத்தத்தை மெதுவாக்கி அழகுபடுத்தி, நம்மை மறுபடி மாடத்துக்கே அனுப்பிவிடுகிறது. அகஸ்டஸின் முகத்துக்குக் கிடைத்த அந்தச் சில நிமிடங்கள் வொரீனஸ் வீட்டு அடிமை இளைஞனுக்கும் கிடைக்கும் ஒரு தொடரை, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் யாராவது எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.